ஆயா சம்பளத்துக்கு ஒரு சனிக்கிழமைக் கூடை: கடற்கரைக் குழந்தைகள் மையம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிற ஒரு மீனவ ஊர். ஊர் பெயரையும் ஆட்கள் பெயரையும் விட்டுவிடுகிறேன். இங்குள்ள குழந்தைகள் மையத்தை நடத்துவது ஊர்ப் பெண்கள் சங்கம். நான் அதற்குக் கணக்கு எழுதுகிறவன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் இதை வெளியாள் பார்வை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே வரும் தவறான முடிவுகளில் சிலவற்றின் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஆண்கள் நாட்டுப்படகிலும் வல்லத்திலும் தொழிலுக்குப் போகிறார்கள். பெண்களில் பலருக்குக் கடற்பாசி எடுப்பு. வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் கட்டுமரம் போலக் கட்டி வளர்க்கிறார்களே, ஊரே ‘பெப்சி பாசி’ என்று பெயர் வைத்த கப்பாபைகஸ், அது வேறு. இங்கே கடலுக்குள் மூழ்கி, பாறையில் தானாக விளைந்த மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைக் கையால் பறிக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடியைப் போட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில்தான் வேலை. எங்கள் ஊரில் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் என்று கணக்கு. அந்த நாட்களில் விடிவதற்கு முன்பே வல்லம் கிளம்பிவிடும். திரும்ப மதியம் தாண்டும்.

அடுத்த தெருவில் அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் அது இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்கு. திறப்பதும் அலுவலக நேரத்தில்தான். ஒன்றரை வயதுப் பிள்ளையை விடிகாலை ஐந்தரைக்கு எங்கே விடுவது? பிள்ளை ஆறாம் வகுப்பு படிக்கிற அக்காவின் இடுப்புக்குப் போகும். அக்கா அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக மாட்டாள். பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அமாவாசை, பௌர்ணமி எப்போது வந்தது என்று பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். தன் பதிவேட்டைக் காட்டவும் செய்தார்.

2009இல் மையம் தொடங்கியது இதற்காகத்தான். ஊரார் வைத்த பெயர் ‘சின்ன பால்வாடி’. மதுரையிலிருந்த ஓர் அறக்கட்டளை மாதாமாதம் பணம் அனுப்பியது. அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்து அவர்களுக்கு வந்து, அவர்கள் வழியாக எங்களுக்கு வந்த பணம். பன்னிரண்டு ஆண்டுகள் நாங்கள் யாரிடமும் கை நீட்டவில்லை. அதுதான் பின்னால் பெரிய பலவீனமாகப் போயிற்று.

## சிக்கல் வந்த விதம்

2020 செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டு நிதியைப் பெறும் அமைப்பு அதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று விதி வந்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. எங்களைப் போன்ற கடைசிக் கண்ணிகள் அப்படியே கழன்று விழுந்தன. அறக்கட்டளை தன் உள்நாட்டு நிதியிலிருந்து கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது. 2022 மார்ச்சில், இனி முடியாது என்று கடிதம் வந்தது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; ஒன்றரை ஆண்டுக்கு முன்பே வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள்தான் எப்படியாவது நடக்கும் என்று இருந்துவிட்டோம்.

அன்றைய நிலவரம்: 28 பிள்ளைகள், அதில் 11 பேர் இரண்டு வயதுக்குக் கீழ். ஒரு பொறுப்பாளர், இரண்டு ஆயாக்கள். மாதச் செலவு 27,500 ரூபாய். அதில் மூவர் சம்பளம் மட்டும் 15,000, பால், கஞ்சி, சுண்டல், காய்கறி 8,400, வாடகை 2,000, கேஸ் 1,000, தண்ணீர் 600, மின்சாரம், சோப்பு, சில்லறைச் செலவு 500. குடிதண்ணீரைக் காசு கொடுத்துக் குடக்கணக்கில் வாங்கும் ஊர் என்பதால் தண்ணீருக்குத் தனி வரி போட்டே எழுதுவோம்.

வரவு? பிள்ளைக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம் என்று நோட்டில் இருந்தது. முழுதாக வந்தால் 4,200. வந்தது சராசரியாக 1,900. வங்கியில் இருந்தது 1,12,000. நான்கு மாதம் தாங்கும்.

## முதல் முயற்சி: இணையத்தில் நிதி திரட்டல், ஏப்ரல்–மே 2022

மையத்தின் கமிட்டியில் ஒருவருடைய மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவன் யோசனைப்படி பொதுமக்களிடம் நிதி திரட்டும் ஓர் இணையதளத்தில் பக்கம் தொடங்கினோம். இலக்கு ஓர் ஆண்டுச் செலவு: 3,30,000. இரண்டு நிமிட வீடியோவும் எடுத்தான்.

முதல் பத்து நாளில் 52,000 வந்தது. அடுத்த ஐம்பது நாளில் 9,400. கட்டணம் போகக் கைக்கு வந்தது 57,000 சொச்சம். கொடுத்தவர்கள் பெயரைப் படித்துப் பார்த்தேன். அந்தப் பையனின் அலுவலக நண்பர்கள், கமிட்டிக்காரர்களின் சொந்தக்காரர்கள், இந்த ஊரில் முன்பு வேலை பார்த்துப் போன ஆசிரியர்கள். முன்பின் தெரியாதவர் என்று பார்த்தால் ஏழு பேர்கூடத் தேறவில்லை. உலகத்தைக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம், கேட்டது தெரிந்தவர்களைத்தான். அவர்களையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிட்டோம்.

இன்னொன்றும் நடந்தது. பக்கத்தின் முகப்பில் மணலில் உட்கார்ந்து அழுகிற ஒரு பிள்ளையின் படம். மூக்கில் சளி, மேலில் சட்டை இல்லை. படம் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி ஊருக்கே வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் அம்மா மையத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். “அக்கா, என் புள்ளய தெனம் தலை சீவி, பவுடர் போட்டுத்தான் ஒங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். சீவின தலையோட ஒரு போட்டோ கெடைக்கலையா?” என்று கேட்டார். பொறுப்பாளருக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான். அன்றே படத்தை எடுத்தோம். அதற்குப் பின் பெற்றவர் பார்த்துச் சரி என்று சொல்லாத படம் எதுவும் வெளியே போவதில்லை. அந்த அம்மா மூன்று மாதம் பிள்ளையை அனுப்பவில்லை.

## இரண்டாம் முயற்சி: நிறுவன நிதி, ஜூன்–டிசம்பர் 2022

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைக் கேட்கப் போனோம். வருமான வரித்துறையின் 12ஏ பதிவு, நன்கொடை தருவோருக்கு வரிச்சலுகை கிடைப்பதற்கான 80ஜி சான்று, இந்த நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பெற்ற பதிவெண் எல்லாம் கேட்டார்கள். எங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதுதான். ஆனால் ஆறு ஆண்டுகளாக ஆண்டறிக்கையும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளரிடம் தாக்கல் ஆகவில்லை. பணம் மதுரையிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் எவரும் கேட்கவில்லை, நாங்களும் மறந்தோம். இது என் பொறுப்பு. காகிதங்களைச் சரிசெய்ய மட்டும் ஐந்து மாதமும், ஆடிட்டருக்குக் கமிட்டிக்காரர்கள் கைக்காசாக 11,000 ரூபாயும் ஆனது.

பதிவு இல்லாமலே தன் ஊழியர்களின் தொண்டுப் பணியாகச் செய்து தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. நாங்கள் கேட்டது ஓர் ஆண்டுச் சம்பளம். “சம்பளம் தொடர் செலவு சார், அதுக்கு எங்களிடம் தலைப்பே இல்லை” என்றார்கள். ஒரு சனிக்கிழமை இருபது பேர் ஒரே நிறச் சட்டையில் வந்து சுவரில் யானையும் ரயிலும் வரைந்தார்கள். ஒரு டிவி, ஓர் இரும்புச் சறுக்குமரம், வாசலில் கல்வெட்டு. அன்றைக்கு இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் கேக். நல்ல பிள்ளைகள், வியர்க்க வியர்க்க வேலை செய்தார்கள். ஆனால் மறுநாள் காலை ஆயாவுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. சறுக்குமரத்தை உப்புக்காற்று சும்மா விடுமா? அடுத்த ஆடிக்குள் விளிம்பு துருப்பிடித்துச் செதில் செதிலாகக் கிளம்பி, பிள்ளைகள் தொடையைக் கிழிக்காமல் இருக்கச் சாக்கைச் சுற்றிக் கட்டி வைத்தோம்.

அரசுப் பக்கமும் பார்த்தோம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். ஆனால் கட்டடம் போன்ற சொத்துக்குத்தான். மத்திய அரசின் காப்பகத் திட்டம் 2022இல் மிஷன் சக்தியின் கீழ் ‘பால்னா’ ஆயிற்று. அது மாநில அரசு வழியாக நடக்கும் திட்டம், சங்கம் நேராகப் போய்க் கேட்டு வாங்குவதற்கில்லை. ஆக, போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். செங்கல்லுக்குக் காசு உண்டு. பிள்ளையைத் தூக்குகிற கைக்கு இல்லை.

## அரைச் சம்பளம், நவம்பர்–டிசம்பர் 2022

அக்டோபர் பாதியில் வங்கிக் கணக்கு காலி. கமிட்டி கூடி, மூன்று பணியாளர்களும் இரண்டு மாதம் அரைச் சம்பளம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டோம். நிலைமை சரியானதும் பாக்கியைத் தந்துவிடுவோம் என்றோம். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. மளிகைக் கடையில் 14,000 கடன் ஏறியது. சங்கத் தலைவி தன் காதுத் தோட்டை 30,000 ரூபாய்க்கு அடகு வைத்தார்.

கூட்டத்தில் கமிட்டிக்காரர் ஒருவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது புண்ணியம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பேசினார். இளைய ஆயா எழுந்தார். “அண்ணே, புண்ணியம்னு சொல்றீங்க, சரி. அத மளிகைக் கடக்கார அண்ணன் எடுத்துக்கிருவாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.” யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரியில் அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். கைக்குழந்தைகளைத் தூங்க வைப்பதில் அவருக்கு ஈடு யாருமில்லை. தொட்டிலை ஆட்டாமல், கயிற்றை இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். அந்த அதிர்வில் பிள்ளை உறங்கிவிடும். அவர் போன வாரம் நான்கு கைக்குழந்தைகள் மையத்துக்கு வருவது நின்றது. நிதி திரட்டுவதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வராத பணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த ஜனவரியில் எங்களுக்கு நேர்ந்த பெரிய நட்டம் கணக்கு நோட்டில் எந்த வரியிலும் இல்லை.

## கையில் காசு இருக்கும் நேரம், பிப்ரவரி 2023 முதல்

மையத்தை மூடுவதா என்று முடிவெடுக்கத்தான் பிப்ரவரிக் கூட்டம். பிள்ளைகளின் அம்மாக்களையும் முதன்முறையாக உட்கார வைத்தோம். (இத்தனை ஆண்டில் முதன்முறை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.) மாதம் 150 ரூபாயை ஏன் கட்ட முடியவில்லை என்று கேட்டோம். ஒரு பாட்டி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்: “ஒண்ணாந் தேதி எவ கையில காசு இருக்கு? பாசி நாள்ல கேளுங்க.”

அதற்குப் பிறகு எல்லாமே அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

மாதக் கட்டணத்தை எடுத்துவிட்டு, பிள்ளையை விடுகிற நாளுக்கு 15 ரூபாய் என்று வைத்தோம். வாங்குமிடம் பாசி எடை போடும் வாடி. எடை போட்டுக் காசு கைமாறும் அதே நிமிடம். வியாபாரி, “நானே பிடித்துக் கொடுத்துவிடுகிறேன்” என்று முன்வந்தார். வேண்டாம் என்றோம். பெண்களில் பலர் அவரிடம் முன்பணம் வாங்கியவர்கள். பிள்ளையின் கட்டணமும் அவர் நோட்டில் ஏறினால் அதுவும் ஒரு கடன் ஆகிவிடும். மையம் அவர் தருவதுபோலத் தோன்றும். எனவே எங்கள் உறுப்பினர் ஒருவர் தராசிலிருந்து பத்தடி தள்ளி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுடன் உட்கார்ந்தார். போட்டவர் பெயருக்கு நேராக ஒரு கோடு. போட முடியாதவரை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே பத்தில் ஒன்பது பேர் போட்டார்கள்.

அடுத்தது படகுக்காரர்கள். ஊர்க் கமிட்டி ஏற்கனவே பிடியில் மகமை (ஊர்ப் பொதுச் செலவுக்கான பங்கு) எடுக்கிறது. இன்னொரு மகமைக்கு யாரும் சம்மதிக்கவில்லை, அது நியாயமும்கூட. ஊர்க் கமிட்டித் தலைவர்தான் வழி சொன்னார்: காசாகக் கேட்காதீர்கள், மீனாகக் கேளுங்கள். சனிக்கிழமை காலை ஏலத்துக்கு முன்னால் ஒரு கூடை வைப்பது. இஷ்டப்பட்ட படகுக்காரர் ஒரு மீன் போடலாம். கடைசியில் கூடையை ஒரே கூறாக ஏலம் விடுவது.

முதல் சனிக்கிழமை நான் போயிருந்தேன். கூடை காலியாகவே கொஞ்ச நேரம் இருந்தது. ஓர் ஆள் நான்கு காரப்பொடி மீனை எடுத்துப் போட்டார். பக்கத்தில் நின்றவர், “மாப்ள, உன் மவனும் அங்கதான கெடக்கான்? அவனுக்கு நாலு காரப்பொடிதானா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் படகுக்குப் போய், கை முழம் நீளத்துக்கு ஒரு விளமீனைக் கொண்டுவந்து மேலே வைத்தார். அப்புறம் கூடை நிறையத் தொடங்கியது. அன்று ஏலம் போனது 1,750 ரூபாய்க்கு. ஏலம் எடுத்தது வெளியூர் வியாபாரி; விஷயம் தெரிந்ததும் 1,800 ஆகக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாச் சனிக்கிழமையும் இப்படி இல்லை. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடக்கும். கூடைக்கு 200 ரூபாய்கூட வராத வாரமும் உண்டு. எதிர்பாராத நல்ல காலம் ஒன்றும் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. வரத்து குறைவதால் மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதம் கூடைக்கு நல்ல விலை. அதே மாதங்களில் எங்கள் ஊரில் பாசி எடுப்பு நின்றுவிடுவதால் ஹார்லிக்ஸ் பாட்டில் காலி. ஒன்று படுத்தால் ஒன்று எழுந்தது. திட்டமிட்டுச் செய்ததல்ல, தானாக அமைந்தது.

## ஒரு நாள் சம்பளம் 200 ரூபாய்

வெளியூரில் இருப்பவர்களிடம் கேட்கும் விதத்தையும் மாற்றினோம். பொறுப்பாளர் சம்பளம் 6,000. ஒரு நாளுக்கு 200. “மாதம் ஒரு நாள் சம்பளம் கொடுங்கள்” என்று மட்டும் கேட்டோம். வேறு எதையும் வாங்கவில்லை. பிறந்தநாள் கேக், பழைய பொம்மை, பிஸ்கட் பெட்டி என்று வந்தவர்களிடமும் இதையே சொன்னோம். சிலருக்கு முகம் சுருங்கியது. மார்ச் 2023இல் 9 பேர். ஓராண்டில் 50 பேர். நான்கு பேர் 500 ரூபாய் தருகிறார்கள்.

இதில் இரண்டு இடத்தில் யோசிக்க வேண்டி வந்தது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பக்கத்து ஊர் இஸ்லாமியச் சகோதரர்கள் சிலர் ஜக்காத் (கடமையான தானம்) பணத்தைத் தரலாமா என்று கேட்டார்கள். ஜக்காத் யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு மார்க்கத்தில் வரையறை உண்டு; அதை நாங்கள் தீர்மானிக்க முடியாது. மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சம்பளத்துக்கு சதக்காவாக, அதாவது விருப்பக் கொடையாக, தந்தால் எங்களுக்கும் நிம்மதி என்றோம். அப்படியே தந்தார்கள்.

இரண்டாவது, சட்டம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் 50,000 தரத் தயாராக இருந்தார். தங்கை கணக்கில் போட்டு அவர் கையால் தரச் சொல்கிறேன் என்றார். சுற்றி வந்தாலும் அது அதே பணம்தான், மறுத்துவிட்டோம். அன்றைய நிலையில் 50,000 என்பது எங்களுக்கு இரண்டரை மாதம். அவருக்கு மனவருத்தம். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது மையத்தின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தவறு ஒன்றும் செய்தோம். மையத்தின் கரும்பலகையில் ‘இன்றைய சம்பளம் தந்தவர்’ என்று தினமும் பெயர் எழுதினோம். நன்கொடையாளருக்குப் படம் எடுத்து அனுப்ப அது வசதி. மூன்றாம் வாரம் பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஒங்களுக்கு மாசாமாசம் பென்ஷன் வருது. அது யாரு குடுத்ததுன்னு ஒங்க வீட்டு வாசல்ல தெனம் எழுதிப் போட்டா எப்படி இருக்கும்ணே?” என்றார். அன்றே அழித்துவிட்டோம். இப்போது பெயர்கள் மாதக் கணக்குத் தாளில் மட்டும். பலகையில் பழையபடி அ, ஆ.

## ஆடி விருந்து, ஆகஸ்ட் 2023

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய் விருந்து நடப்பதை எல்லாரும் அறிவோம். அதுபோல ஒன்று வைக்கலாம் என்றபோது பெரியவர் ஒருவர் மடக்கினார்: “மொய்ன்னா திருப்பிச் செய்யணும். பால்வாடி யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து திருப்பிச் செய்யும்?” அது வேடிக்கைக் கேள்வி இல்லை. மொய் என்றாலே அது கடன். நோட்டில் ஏறிய தொகை ஒரு நாள் கூடுதலாகத் திரும்ப வேண்டும். அதனால் ‘பிள்ளை விருந்து’ என்று பெயர் மாற்றி, ‘திருப்பிச் செய்ய வேண்டியதில்லை’ என்று அழைப்பிதழிலேயே அச்சடித்தோம்.

வரவு 1,38,000. செலவு 34,000; மீன் பெரும்பாலும் படகுக்காரர்கள் கொடுத்தது. மிச்சம் 1,04,000. அதில் அடகு 30,000, மளிகைக் கடன் 14,000, பணியாளர் அரைச் சம்பளப் பாக்கி 15,000. அடகு வட்டியைத் தலைவி தானே கட்டிவிட்டார். மீதி 45,000 வரும் மாதங்களின் பள்ளத்துக்கு. பணத்தில் பாதிக்கு மேல் பழைய கடனுக்குப் போகும் என்பதை விருந்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் சொன்னோம். வேண்டாம், சொன்னால் கொடுக்க மாட்டார்கள் என்று கமிட்டியில் இருவர் தடுத்தார்கள். சொன்னதால் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

திருப்பூர் போன ஆயாவின் பங்கு 4,500. எண்ணைத் தேடிப் பிடித்து அனுப்பினோம். வந்து சேர்ந்ததாக ஒரு வரி பதில் வந்தது, அவ்வளவுதான்.

## செலவைக் குறைத்தது

இது வேகமாகச் சொல்லிவிடக் கூடியது. 2023 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு, பூட்டிக் கிடந்த மகளிர் குழுக் கட்டடத்தைப் பெற்றோம். 2024 ஜனவரியில் மாறினோம். வாடகை போயிற்று. ரயிலும் யானையும் பழைய வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டன. இரண்டு வயது முடிந்த பிள்ளைகளை அங்கன்வாடியில் பதிவு செய்து, காலையில் கொண்டுபோய் விட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அழைத்துவருகிறோம். சோறும் முட்டையும் அவர்களுக்கு அங்கே கிடைப்பதால் உணவுச் செலவு 4,500 ஆனது. தன் பிள்ளைகளை நாங்கள் இழுக்கிறோம் என்று அங்கன்வாடி டீச்சருக்கு நெடுநாள் கோபம் இருந்தது. இப்போது அவருடைய வருகைப் பதிவு நிறைந்திருக்கிறது, கோபம் இல்லை.

## 2024 ஜூனில் நிலைமை

பிள்ளைகள் 21. பொறுப்பாளர் ஒருவர், ஆயா ஒருவர், பாசி நாட்களில் மட்டும் 250 ரூபாய் தினக்கூலிக்கு ஒருவர். பாசி நாளில் காலை ஐந்தரைக்குத் திறக்கிறோம், மற்ற நாட்களில் எட்டரைக்கு. மாதச் செலவு 20,500. ஆறு மாதச் சராசரி வரவு: நாள் கட்டணம் 3,200, கூடை 4,300, சம்பளச் சந்தா 11,000, ஆக 18,500. மாதம் 2,000 பள்ளம். அதை ஆடி விருந்துப் பணம் நிரப்புகிறது. விருந்து ஒரு வருடம் தவறினால் கமிட்டிக்காரர் கைக்காசு.

28 பிள்ளைகள் 21 ஆனதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. விட்டுப்போன ஏழு பேரில் மூவர் வயது முடிந்து பள்ளிக்குப் போனவர்கள். மற்ற நால்வரும் அந்த ஜனவரியில் நின்ற கைக்குழந்தைகள், யாரும் திரும்பவில்லை. அதில் ஒரு வீட்டில் மூத்த பெண் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள்.

## மறுபடி செய்வதாக இருந்தால்

பெற்றோரை முதல் கூட்டத்திலேயே உட்கார வைப்போம். பதினோரு மாதம் மிச்சமாகியிருக்கும். சங்கத்தின் ஆண்டுத் தாக்கல்களைப் பணம் வருகிற நல்ல காலத்திலேயே ஒழுங்காக வைத்திருப்போம். 80ஜி வாங்கியது பயன்பட்டதா என்று கேட்டால், கொஞ்சம்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிவிலக்கு இல்லை. புதிய வரிமுறைக்கு மாறியவருக்கு அந்தச் சலுகையே இல்லை. ஆனால் காகிதம் கையில் இருக்கும்போது பேச்சு மரியாதையாக நடக்கிறது.

அரைச் சம்பளம் கேட்டிருக்கக் கூடாது. மையத்தை ஒரு மாதம் மூடிவைத்துவிட்டு, ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். மூடினால் ஊரின் நம்பிக்கை போய்விடும் என்று பயந்தோம். அந்தப் பயத்துக்கான விலையைக் கமிட்டி கொடுக்கவில்லை. மாதம் 4,500 வாங்கிய ஆயா கொடுத்தார். கமிட்டியில் இதை இன்னும் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

பொறுப்பாளர் சம்பளம் இன்னும் 6,000தான். 2022இலும் அதுவே. உயர்த்துவதற்குச் சந்தாவில் மேலும் பதினைந்து பேர் வேண்டும். இப்போது அதற்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறோம். சறுக்குமரத்தைப் போன மாதம் பழைய இரும்புக்குப் போட்டோம். 1,340 ரூபாய் கிடைத்தது. சம்பளக் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன்.